பயிர்க்கடன் பாக்கியைக் காட்டி பிள்ளைங்க படிப்பை மறிக்காதே!

(மயிலம் கடைவீதியில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

   

ஜூன் மாசம் பொறந்தா நம்ம வீட்டுல ரெண்டு கவலை சேர்ந்து வரும். கொல்லையில போடறதுக்கு விதை மல்லாட்டை வாங்கணும். பன்னெண்டாவது முடிச்ச பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். விதைக்குக் கமிஷன் மண்டிக்காரரிடம் கைநீட்டுகிறோம். பீஸுக்கு? கூட்டேரிப்பட்டு சந்தைக்கு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகிறோம். அது போதாது. வீட்டுக்காரம்மா காதுல கழுத்துல இருக்கறது அடகுக் கடைக்குப் போகுது. அதுவும் போதாது என்றால் நூத்துக்கு மூணு, நூத்துக்கு அஞ்சு வட்டி. இதெல்லாம் நமக்குத் தெரிந்த வழி. தெரியாத வழி, அல்லது தெரிந்தும் நமக்கு அடைத்து வைத்திருக்கிற வழி ஒன்று இருக்கிறது. அதுதான் பேங்க் கல்விக் கடன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

இந்த வருஷம் நம் சங்கத்துக்காரர்கள் கிராமம் கிராமமாகப் போனபோது திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கதை. பிள்ளைக்குக் கவுன்சிலிங்கில் சீட்டு கிடைத்துவிட்டது. அப்பா, பிள்ளை இருவரும் பேங்குக்குப் போகிறார்கள். ஆதார் கார்டைக் கேட்கிறார்கள், கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள். "என்னய்யா, உன் பேருல பயிர்க்கடன் பாக்கி நிக்குது. மொதல்ல அதைக் கட்டிட்டு வா, அப்புறம் பாக்கலாம்." முடிந்தது. விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்குவதில்லை. எழுத்தில் எதுவும் கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளை அப்பன் மூஞ்சியைப் பார்க்குது. அப்பன் பேங்க் வாசல்ல கிடக்கற செருப்பைப் பார்க்கிறான். எந்த பேங்க், எந்தக் கிளை என்று இங்கே பேர் சொல்லப் போவதில்லை. ஒரு கிளையோடு நிற்கிற கதை இல்லை இது.

அந்தப் பாக்கி எப்படி வந்தது என்பதை மொதல்ல பேசுவோம்.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம்ம மயிலத்தில் பெய்த மழை 51 சென்டிமீட்டர். தமிழ்நாட்டிலேயே அன்றைக்கு அதிகமான மழை இங்கேதான். மயிலம் என்றால் முருகன் மலை என்று தெரிந்து வைத்திருந்த ஊர் உலகமெல்லாம், அன்றைக்கு மழைக் கணக்கில் நம் பெயரைப் படித்தது. கழனியில் நெல் அழுகியது. கொல்லையில் உளுந்து, மல்லாட்டை எல்லாம் தண்ணியோடு போனது. அரசாங்கம் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 6,900 ரூபாய். அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் என்று எழுதினால்தான். நடவுக் கூலிக்கும் உரத்துக்கும் போட்ட காசில் பாதி வருமா என்று கழனியில் இறங்கினவர்களுக்குத் தெரியும்.

சரி, கடன் என்ன ஆகணும்? ரிசர்வ் வங்கி இதற்கு வழி சொல்லி வைத்திருக்கிறது. இயற்கைச் சீற்றத்தால் பயிர் போனால் பயிர்க்கடனை எப்படி மாற்றியமைக்க வேண்டும் என்று 2018-ல் தொகுத்து வெளியிட்ட நெறிமுறையில் இருக்கிறது. சேதம் 33 சதவீதத்தில் இருந்து 50 சதவீதத்துக்குள் என்றால் 2 வருஷம் வரைக்கும் தவணை. 50 சதவீதத்துக்கு மேல் என்றால் 5 வருஷம் வரைக்கும். முதல் வருஷம் கட்டவே வேண்டாம். அப்படி மாற்றியமைத்துவிட்டால் அது ஏட்டில் பாக்கி என்று நிற்காது. புதுப் பயிர்க்கடனும் வாங்கலாம்.

இப்போ நாம கேட்கிற கேள்வி இதுதான். உங்க கடனை மாற்றியமைத்தார்களா? மாற்றியமைக்கவில்லை என்றால் அந்தப் பாக்கி விவசாயி உண்டாக்கினதா, பேங்க் உண்டாக்கினதா? மழை பேஞ்சது வானத்தோட வேலை. அதைப் பாக்கி என்று எழுதி, அதே பாக்கியைக் காட்டி பிள்ளையோட படிப்பை மறிப்பது யாரோட வேலை? ஒவ்வொருத்தரும் அவரவர் கிளையில் இதை எழுத்து மூலமாகக் கேட்கணும். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

கல்விக் கடன் யாரோட கடன்?

நம்ம ஜனங்க பல பேர் கல்விக் கடனை அப்பா வாங்குகிற கடன் என்றே நினைக்கிறார்கள். பேங்க்காரரும் அப்படியே நடத்துகிறார். அது தப்பு. இந்தியன் பேங்க்ஸ் அசோசியேஷன் என்ற வங்கிகளின் சங்கம் 2001-ல் ஒரு மாதிரிக் கல்விக் கடன் திட்டம் போட்டது. அதே வருஷம் ஏப்ரல் மாதம் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அதை அனுப்பியது. பிறகு பலமுறை திருத்தியிருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் கடன்காரர் மாணவர்தான். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான். பிள்ளை படித்து முடித்து, வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் கட்டும் என்ற கணக்கில் தரப்படுகிற கடன் இது. அப்பாவுக்குக் கழனி எத்தனை காணி, மாடு எத்தனை என்று பார்த்துத் தருகிற கடன் இல்லை.

இதையே கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பெற்றோரின் கடன் வரலாறு சரியில்லை என்பதற்காக மாணவருக்குக் கல்விக் கடன் மறுக்கக் கூடாது, படித்து முடித்த பிறகு அந்த மாணவரால் கட்ட முடியுமா என்பதுதான் பார்க்க வேண்டியது என்று 2020-ல் தீர்ப்பு. 2023-ல் இன்னொரு வழக்கில், மாணவரோட சிபில் மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. கேரளத் தீர்ப்பு நம்ம மாநிலத்து மேனேஜரை நேராகக் கட்டாது என்று யாராவது வக்கீல் அண்ணன் சொல்வார். சரிதான். கட்டாவிட்டாலும் மேஜை மேல வைத்துக் காட்டலாம் இல்லையா?

அந்தத் திட்டத்தில் நமக்குச் சாதகமாக இருக்கிற சில விஷயங்களை மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கிடையாது, மூன்றாவது ஆள் ஜாமீன் கிடையாது, கையிருந்து போட வேண்டிய மார்ஜின் பணமும் கிடையாது. 2015-ல் மத்திய அரசு கல்விக் கடன் உத்தரவாத நிதி என்று ஒன்று ஏற்படுத்தி, ஏழரை லட்சம் வரைக்கும் அடமானமில்லாமல் தருகிற கடனில் முக்கால் பங்குக்கு உத்தரவாதம் தருகிறது. கடன் வராமல் போனாலும் நூற்றுக்கு 75 ரூபாய் பேங்குக்கு அரசாங்கப் பணத்தில் இருந்து வந்துவிடும். அப்படி இருக்கும்போது "வீட்டுப் பத்திரத்தைக் கொண்டா" என்று கேட்பதில் என்ன நியாயம்?

இந்தியாவுக்குள் படிக்கிற படிப்புக்குப் பிராசசிங் பீஸ் வாங்கக் கூடாது. "நீ எங்க சர்வீஸ் ஏரியா இல்ல, திண்டிவனத்துக்குப் போ" என்று திருப்பி அனுப்பவும் கூடாது. சர்வீஸ் ஏரியா கட்டுப்பாடு கல்விக் கடனுக்குப் பொருந்தாது என்று 2012 நவம்பரில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. ஆனா இன்னிக்கும் கூட்டேரிப்பட்டுக்காரரைத் திண்டிவனத்துக்கும், திண்டிவனத்துக்குப் போனவரை மயிலத்துக்கும் பந்து மாதிரி உருட்டுகிறார்கள்.

இன்னொன்று. விண்ணப்பத்துக்கு 15 நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கிளை மேனேஜர் தானாக மறுக்க முடியாது. மேலதிகாரியின் ஒப்புதல் வாங்கி, காரணத்தைச் சொல்லித்தான் மறுக்க வேண்டும். அதனால்தான் விண்ணப்பத்தைக் கையில் வாங்காமலே விரட்டுகிறார்கள். வாங்கினால் அது மறுப்பு என்று கணக்கில் ஏறும். மேலே பதில் சொல்லணும். வாங்காவிட்டால் அப்படி ஒரு பிள்ளை வரவே இல்லை என்று ஆகிவிடும். இந்த சூட்சுமத்தை நாம புரிஞ்சுக்கணும்.

வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பெரியவங்க சில பேர் கேட்கிறீங்க, "கடன் கடன்தானே, எங்க வாங்கினா என்ன?" என்று. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிள்ளை நாலு வருஷம் படிக்குது, வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று 4 லட்சம் வாங்குகிறோம், வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற காலத்திலும் அதற்கு மேல் ஒரு வருஷத்துக்கும் கட்ட வேண்டாம். அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 50 ஆயிரம். ரெண்டாவது லட்சத்துக்கு 40, மூணாவதுக்கு 30, நாலாவதுக்கு 20. ஆக வட்டி மொத்தம் 1 லட்சத்து 40 ஆயிரம். கட்ட ஆரம்பிக்கும்போது நிற்பது 5 லட்சத்து 40 ஆயிரம். அதைப் பத்து வருஷத்தில் கட்டினால் மாசம் சுமார் 7,100 ரூபாய். பதினைந்து வருஷம் என்றால் சுமார் 5,800.

இது சின்னத் தொகை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் 15 ஆயிரம் சம்பளத்துக்குப் போகிற பிள்ளை, ரூம் வாடகையும் சோத்துச் செலவும் போக 5,800 கட்ட முழி பிதுங்கும். ஆனா இதையே நூத்துக்கு மூணு வட்டிக்கு வெளியில வாங்கினா என்ன? ஒரு லட்சத்துக்கு மாசம் 3,000. அடுத்த மாசத்துல இருந்தே கட்டணும். அஞ்சு வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு வட்டி மட்டும் 1 லட்சத்து 80 ஆயிரம். அசல் அப்படியே குத்துக்கல் மாதிரி நிற்கும். கந்துவட்டிக்கு 2003-லேயே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தாச்சு. சட்டம் காகிதத்தில் இருக்கு, வட்டிக்காரர் வாசல்ல நிற்கிறார்.

இப்போ புதுசா ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. சேர்க்கை நடக்கிற நாளில் கல்லூரி வாசலிலேயே மேஜை போட்டு, "அரை மணி நேரத்துல லோன், பீஸை நாங்களே கட்டிடறோம், நீங்க மாசத் தவணை கட்டினா போதும்" என்று தனியார் பைனான்ஸ் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கையெழுத்து அப்பாவுடையது. தவணை அடுத்த மாசமே ஆரம்பம். மல்லாட்டை பிடுங்கி விற்கிற வரைக்கும் கையில காசு இல்லாத நம்ம ஆளு மாசத் தவணையை எங்கிருந்து கட்டுவார்? மூணு தவணை விட்டால் சிபிலில் கரும்புள்ளி. அப்புறம் பேங்க் கல்விக் கடனும் போச்சு, பயிர்க்கடனும் போச்சு. இன்னொரு பெரிய நஷ்டமும் இருக்கு. அரசாங்கத்தோட வட்டி மானியம் இந்தக் கடனுக்குக் கிடையாது. வங்கியில், வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் வாங்கின கடனுக்குத்தான் உண்டு.

தாய்மார்கள் குழுவில் வாரத் தவணைக்கு வாங்கி பீஸ் கட்டுவதும் நமக்குத் தெரியும். அந்த வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 20-க்கு மேல். எந்தத் தாயையும் குறை சொல்ல இல்லை. பேங்க் கதவு சாத்தியிருந்தா சந்துல புகுந்துதான் போகணும்.

அந்த வட்டி மானியம் என்ன என்று கேளுங்க. 2009-10 கல்வி ஆண்டில் இருந்து மத்திய அரசு திட்டம். பெற்றோரோட வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புக்கு வாங்கின கடனுக்குப் படிக்கிற காலத்து வட்டியையும் அதற்கு மேல் ஒரு வருஷத்து வட்டியையும் முழுசாக அரசாங்கமே கட்டும். இப்போ கணக்குப் போட்டோமே 1 லட்சத்து 40 ஆயிரம், அது நம்ம தலையில ஏறாது. தாசில்தார் கொடுக்கிற வருமானச் சான்று வேணும். இ-சேவை மையத்தில் போட்டு வாங்கி, கிளையில் கொடுத்து, "வட்டி மானியத்துக்கு என் பேரைச் சேருங்க" என்று எழுதிக் கொடுக்கணும். கடன் வாங்கி, இதை எழுதிக் கொடுக்காமல் விட்டு, மானியம் போன பிள்ளைகள் நிறைய. மேனேஜரே ஞாபகப்படுத்துவார் என்று காத்திருக்காதீங்க.

இதிலும் ஓட்டை இருக்கு. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். மாதிரி படிப்புக்கு இந்த மானியம் இல்லை. 2018-க்கு அப்புறம் சேர்ந்தவர்களுக்குக் கல்லூரி நாக் தரச்சான்று வாங்கியிருக்கணும், அல்லது அந்தப் படிப்பு என்.பி.ஏ. அங்கீகாரம் வாங்கியிருக்கணும் என்று வேற நிபந்தனை. கல்லூரி சான்று வாங்கலை என்றால் தண்டனை யாருக்கு? நம்ம பிள்ளைக்கு! நாலரை லட்சம் என்ற வரம்பும் 2009-ல் போட்டது. அன்றைக்கு டி.ஏ.பி. மூட்டை என்ன விலை, இன்றைக்கு என்ன விலை? வரம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது.

2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்று புதுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அடமானம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், எட்டு லட்சம் வரைக்கும் வருமானம் இருக்கிற குடும்பத்துக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை. நல்ல விஷயம்தான். ஆனா நாடு முழுக்கத் தரவரிசையில் முன்னால் இருக்கிற கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்குத்தான். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் எங்கே சேர்கிறார்கள்? பஸ்ஸில் போய் வர முடிகிற கல்லூரியில். பெரிய ஊர்ப் பெரிய கல்லூரிக்குத் திறந்த கதவு, நம்ம பக்கத்துக் கல்லூரிக்குச் சாத்தித்தான் இருக்கு.

கடனுக்கு முன்னாடி கேட்க வேண்டியது

கடன் வாங்கித்தான் தீரணும் என்று முடிவு பண்ணுவதற்கு முன்னாடி, கடனில்லாமல் கிடைக்கிறதை எல்லாம் கேட்டு வாங்கணும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் மாதிரி தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் 2021-ல் சட்டமாக வந்தது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தின வருஷமே வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு பொறுப்பு. குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்றால் கவுன்சிலிங் வழியாகச் சேரும் தொழிற்படிப்புக்கு முதல் பட்டதாரி சலுகை 2010-ல் இருந்து இருக்கு. பெண் பிள்ளைகளுக்கு 2022-ல் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று மாசம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்கள் வந்தன. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை தனியாக உண்டு. திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரி இருக்கு. அங்கே கட்டுகிற பீஸுக்குக் கடனே வேண்டாம்.

இதையும் சொல்லிவிடுகிறோம், கோபப்படாதீங்க. புரோக்கர் பேச்சைக் கேட்டு, மேனேஜ்மெண்ட் கோட்டாவில் நன்கொடை கொடுத்துச் சேர்ப்பதற்குக் கடன் தேடாதீங்க. மெரிட்டில் சேராத சீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், மானியமும் கை கொடுக்காது. அந்தக் கல்லூரியில் போன வருஷம் படித்து முடித்தவர்கள் இன்றைக்கு எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று ரெண்டு பேரையாவது தேடிப்பிடித்துக் கேளுங்க. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற நாம, நாலு லட்ச ரூபாய் விஷயத்தில் நோட்டீஸில் இருக்கிற கட்டடப் படத்தைப் பார்த்து ஏமாறலாமா?

இன்னொரு இடைச்செருகல். பீஸ் பாக்கி என்று கல்லூரிக்காரர் பிள்ளையோட அசல் மார்க் ஷீட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு அப்படி அறிவிக்கை போட்டிருக்கு.

கட்ட முடியாமல் போனால்

படித்தாச்சு. வேலை கிடைக்கலை. அப்போ என்ன நடக்கும் என்பதற்கும் நமக்கு ஒரு பாடம் இருக்கு. 2016-ல் பாரத ஸ்டேட் வங்கி வராத கல்விக் கடன்களைத் தள்ளுபடி விலைக்கு ரிலையன்ஸ் சொத்து மீட்பு நிறுவனத்துக்கு விற்றது. வசூல் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அந்த வருஷம் ஜூலையில் மதுரையில் பொறியியல் படித்த ஓர் இளைஞர் இந்த நெருக்கடியில் உயிரை விட்டார் என்று செய்தி வந்தது. தமிழ்நாடே கொதித்தது. நாங்கள் இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. பெற்றோர்களே, பிள்ளைகளே, பேங்க் கடன் உயிரைவிடப் பெரிசு இல்லை. தவணை கட்ட முடியாத நிலை வந்தால் ஒளியாதீங்க. கிளைக்குப் போய், வேலை இல்லை, தவணையை மாற்றியமைச்சுக் கொடுங்க என்று எழுதிக் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்குங்க. வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்புறமும் போன் பண்ணக் கூடாது, மிரட்டக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. மீறினால் சங்கத்துக்குச் சொல்லுங்க. வீட்டு வாசலில் ஒருத்தர் நிற்பதும் ஊரே நிற்பதும் ஒண்ணு இல்லை.

பயிர்க்கடன் 2006-ல் தள்ளுபடி ஆனது. 2008-ல் மத்திய அரசு தள்ளுபடி செய்தது. 2016-ல் சிறு குறு விவசாயிகளுக்குக் கூட்டுறவுக் கடன் போனது. 2021 பிப்ரவரியில் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் 12,110 கோடி தள்ளுபடி என்று அறிவித்தார்கள். அது எதுவும் தானாக வரவில்லை, ரோட்டில் உட்கார்ந்து வாங்கினோம். கல்விக் கடனுக்கு என்ன நடந்தது? 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ப.சிதம்பரம், 2009 மார்ச்சுக்கு முன்னாடி வாங்கின கல்விக் கடன்களுக்கு வட்டியில் நிவாரணம் என்று 2,600 கோடி ஒதுக்கினார். அப்புறம் 2019, 2021 தேர்தல் அறிக்கைகளில் கல்விக் கடன் தள்ளுபடி என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்த நோட்டீஸ் இன்னும் இருக்கு.

பெரிய கம்பெனிகளின் கடன் என்றால் பேச்சே வேறு. அஞ்சு நிதியாண்டில் வங்கிகள் பத்து லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கணக்கில் இருந்து நீக்கினதாக 2022 டிசம்பரில் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். "அது தள்ளுபடி இல்லை, கணக்கில் இருந்து நீக்கினதுதான், வசூல் தொடரும்" என்று விளக்கமும் வந்தது. நல்லது. அதே மாதிரி எங்க பாக்கியையும் கணக்கில் இருந்து நீக்கி வையுங்க, விளைஞ்சா வந்து வாங்கிக்குங்க, அதுவரைக்கும் பிள்ளை படிக்கட்டும்!

வெளிநாட்டில் எல்லாம் சுகம் என்று நினைக்காதீங்க. அமெரிக்காவில் பிள்ளை படிப்புக்குப் பெற்றோர் பேரிலேயே அரசாங்கம் கடன் தருகிறது. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிற கிழவர் கிழவிகள் அங்கே உண்டு. கல்விக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய ஜனாதிபதி பைடன் போட்ட திட்டத்தை 2023 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கிலாந்தில் வேறு ஏற்பாடு. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டின தொகையில் நூற்றுக்கு 9 மட்டும் கட்டணும். வேலை இல்லையா, தவணையும் இல்லை. அங்கேயும் குறைகள் உண்டு. ஆனா "சம்பளம் வந்தால் கட்டு" என்கிற அந்த ஒரு வழக்கம் நமக்கும் வேணும் என்று கேட்கிறோம். விளைச்சல் வந்தால் குத்தகை என்பது நம்ம கழனியில் பழைய நியாயம்தானே.

ஆகவே நம் சங்கம் கேட்பது: அப்பாவோட பயிர்க்கடன் பாக்கியைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்கும் கல்விக் கடன் மறுக்கக் கூடாது. புயலில் போன பயிருக்கான கடனை எல்லாம் மாற்றியமைக்கணும். கல்லூரி திறக்கிறதுக்கு முன்னாடியே முன்னோடி வங்கி மயிலத்தில் கல்விக் கடன் முகாம் போட்டு, விண்ணப்பத்தை அங்கேயே வாங்கி ஒப்புகைச் சீட்டு தரணும். வட்டி மானியத்தைக் கலை அறிவியல் படிப்புக்கும் நீட்டி, நாலரை லட்ச வரம்பை உயர்த்தணும். வேலை கிடைக்கிற வரைக்கும் வசூல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இந்தக் கோரிக்கைகளோடு விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் மாசா மாசம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு மயிலத்தில் இருந்து திரளாகப் போகிறோம். வேன் எங்கே, எத்தனை மணிக்கு என்பதை உங்க ஊர்க் கிளைச் செயலாளர் சொல்வார். வெறுங்கையோடு வராதீங்க. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டிருந்தால் அந்த எண்ணை எழுதி எடுத்துக்கிட்டு வாங்க. கிளையில் விண்ணப்பத்தை வாங்க மறுத்தார்களா? பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பி, அந்த ரசீதைக் கொண்டு வாங்க. தபால் போய் ஒரு மாசம் ஆகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு மனு போடலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம், செலவு இல்லை. மறுத்த காரணம் என்ன, எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனைக்குக் கொடுத்தீங்க என்று பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் அரசு வங்கியைக் கேட்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கச் சங்கத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சிட்டா அடங்கல் நகல், கடன் பாஸ் புத்தகம், பிள்ளையோட சீட்டு ஒதுக்கீட்டு உத்தரவு, கல்லூரி கொடுத்த பீஸ் பட்டியல், வருமானச் சான்று. இந்த அஞ்சையும் ரெண்டு ரெண்டு நகல் எடுத்து, ஒரு மஞ்சப் பையில் போட்டு, கூடவே பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க. கலெக்டர் முன்னாடி மொதல்ல பேசப் போறது அந்தப் பிள்ளைங்கதான்.